பதின்மூன்றாவது விதி

சம்பா அறுத்து முடிந்து தாள் மட்டும் நிற்கிற வயலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதை திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்ப் பக்கம் எந்தச் சாயங்காலமும் பார்க்கலாம். முதல் பந்து விழுவதற்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து நடக்கும். பெரிய வரப்பைத் தாண்டினால் நாலு. வேலிகாத்தான் புதருக்குள் போனால் ரெண்டு, அதற்கு மேல் ஓடக்கூடாது. பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் விழுந்தால் அடித்தவன் அவுட். செடியை மிதித்தால் கொல்லைக்காரர் மட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வார், அதனால் வந்த விதி அது. களத்தில் நெல் காய்கிற நாளில் அந்தப் பக்கம் அடிக்கவே கூடாது. கடைசியாக, எல்லா ஊருக்கும் பொதுவான ஒன்று: "அடிச்சவன்தான் எடுக்கணும்."

இந்தச் சட்டங்களை எந்தக் கிரிக்கெட் புத்தகத்திலும் தேடமுடியாது. நாலு வயல் தள்ளிப் போனால் வேறு சட்டம். ஏரி உள்வாயில் ஆடினால் இன்னொன்று. நிலம் மாறினால் விதி மாறும். அந்த நிலத்தை வேறு யார் யார் புழங்குகிறார்களோ, அவர்களைப் பொறுத்தும் மாறும். வெயிலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், கோல்ஃப் ஆட்டத்தில் 'லோக்கல் ரூல்' என்று ஒன்று இருப்பதன் அர்த்தம் எனக்கு முழுசாக விளங்கியது. ஓமந்தூரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் லோக்கல் ரூல் பிறந்த இடமும் இதைப் போன்ற ஒரு பொதுவெளிதான்.

அந்த வெளியின் பெயர் லீத். எடின்பரோ நகரத்தின் துறைமுகம் அது. துறைமுகத்தை ஒட்டிப் புல் படர்ந்த மணல்நிலம் கிடந்தது. ஸ்காட்லாந்தில் இப்படிப்பட்ட கடலோர நிலத்தை 'லிங்க்ஸ்' என்பார்கள். மரக்காணத்தில் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற மணலைப் பார்த்தவர்களுக்கு அதன் ஜாடை தெரியும். ஏர் ஓட்ட உதவாத மண். உழவுக்கு உதவாததால் அது ஊருக்குப் பொதுவாக நின்றது. கால்நடை மேய்ந்தது, சிப்பாய்கள் பயிற்சி எடுத்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாடினார்கள், பெண்கள் துணி உலர்த்தினார்கள், ஓரத்துக் கடல்மணலில் குதிரைப் பந்தயம் நடந்தது. நம் ஊரில் மந்தைவெளி என்போமே, அதுதான். இத்தனைக்கும் நடுவில் சில கனவான்கள் ஐந்து குழி தோண்டி, ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் பந்தை அடித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு குழிக்கும் இடையே நானூறு கஜத்துக்கு மேல் தூரம். மிக நீண்டது 495 கஜம்.

1744 வரை இந்த ஆட்டத்துக்கு எழுதிவைத்த விதி என்று எதுவும் நம் கைக்குக் கிடைக்கவில்லை. ஆட்டம் அதற்கு முன்பே பழசு. அம்பு எய்யப் பழகாமல் கோல்ஃபும் கால்பந்தும் ஆடித் திரிகிறார்கள் என்று 1457-லேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தடை போட்டிருக்கிறது. மூன்று நூற்றாண்டு எழுத்தில்லாமல் ஓடியதற்குக் காரணம் எளிது. ஒருவருக்கு ஒருவர் தெரிந்தவர்கள் தெரிந்த நிலத்தில் ஆடினார்கள். ஓமந்தூர்ப் பையன்களைப் போல, ஆட்டத்துக்கு முன்னால் வாய்ப்பேச்சிலேயே தீர்த்துக்கொண்டிருப்பார்கள்.

1744-ல் எடின்பரோ நகர மன்றம் ஒரு வெள்ளிக் கோல்ஃப் மட்டையைப் பரிசாகக் கொடுத்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எந்த மூலையில் இருப்பவரும் போட்டிக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். அதோடு வாய்ப்பேச்சு போதாமல் போயிற்று. வெளியூரான் வந்து, "எங்க ஊர்ல அப்படி இல்லையே" என்றால் எந்த ஊர் வழக்கைக் கேட்பது? ஆகவே பதின்மூன்று விதிகளை எழுதினார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த போட்டியில் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர் வென்றார். விதிகளின் கீழே இருப்பது அவர் கையெழுத்துதான். அடுத்த ஆண்டே அவர், பிரிட்டிஷ் மன்னருக்கு எதிராக எழுந்த கலகப்படையோடு மருத்துவராகப் போனார். 1746-ல் கலோடன் போரில் அந்தப் படை தோற்றபோது பிடிபட்டார். அவரைத் தூக்கிலிருந்து காப்பாற்றப் பரிந்து பேசியவர் டங்கன் ஃபோர்ப்ஸ். ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதி, லீத்தில் அவரோடு கோல்ஃப் ஆடியவர்.

அந்தப் பதின்மூன்றையும் ஒரே தாளில் அடக்கிவிடலாம். படித்தால் அந்த வெளியே கண்முன் வந்து நிற்கும். கல், எலும்பு, மட்டையை உடைக்கக்கூடிய பொருள் இவற்றை அகற்றுவது பற்றி ஒரு விதி. அப்படியென்றால் தரையில் எலும்பு கிடந்திருக்கிறது. தண்ணீரிலோ சேற்றுச் சாக்கடையிலோ பந்து விழுந்தால் எடுத்துப் பின்னால் வைத்து அடிக்கலாம், ஆனால் எதிராளிக்கு ஓர் அடி கொடுத்துவிடவேண்டும். பத்தாவது விதி இன்னும் தெளிவு. மனிதரோ குதிரையோ நாயோ வேறு எதுவோ குறுக்கே வந்து பந்து நின்றுவிட்டால், நின்ற இடத்திலிருந்தே ஆடவேண்டும். அங்கே நடமாடியவர்கள் பட்டியலே அந்த விதியில் இருக்கிறது. குறுக்கே வந்த குதிரையிடம் யாரும் நியாயம் கேட்கவில்லை. குதிரைக்கும் அந்த வெளியில் உரிமை உண்டு.

பதின்மூன்றாவதுதான் என்னை நிறுத்திய விதி. வெளியைப் பாதுகாக்க வெட்டிய கால்வாயும் பள்ளமும் எழுப்பிய கரையும் ஆட்டத்துக்கு இடையூறு என்ற கணக்கில் வராது. பள்ளிப் பிள்ளைகளின் குழியும், சிப்பாய்களின் கோடுகள் என்று அழைக்கப்பட்ட பகுதியும் அப்படியே. பந்து அங்கே விழுந்தால் வெளியே எடுத்து, மேடு கட்டி வைத்து, இரும்பு மட்டை எதனாலும் அடித்துக்கொள்ளலாம். தண்டனை அடி கிடையாது.

மற்றப் பன்னிரண்டையும் எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். இது ஒன்று மட்டும் லீத்தை விட்டு நகராது. அந்தப் பிள்ளைகள், அந்தச் சிப்பாய்கள், அந்தக் கரை இல்லாத இடத்தில் இதற்கு வேலையே இல்லை. எழுதிவைத்த முதல் லோக்கல் ரூல் இதுதான் என்று நான் சொல்வது இதனால்தான். இன்னும் கவனித்துப் பாருங்கள். நிலத்தைக் காக்க வெட்டிய பள்ளத்தில் ஆட்டக்காரனின் பந்து விழுந்தால், பள்ளம் இருக்கட்டும், பந்தை எடுத்துக்கொள் என்கிறது விதி. பள்ளத்தை மூடு என்று ஆட்டம் கேட்கவில்லை. பிள்ளைகளை விரட்டு என்றும் கேட்கவில்லை. மல்லாட்டைக் கொல்லையில் விழுந்தால் அவுட் என்று பேசிக்கொண்ட பையன்களும் இதையே செய்தார்கள்.

சண்டை வராமலும் இல்லை. எது பாதுகாப்புப் பள்ளம், எது வெறும் பள்ளம் என்று கடற்கரையில் நின்று வாதாடியிருப்பார்கள் போலும். 1758-ல் லீத்தில் விதியை மாற்றினார்கள். தண்ணீர் பற்றிய ஐந்தாவதும் இந்தப் பதின்மூன்றாவதும் அடிக்கடி தகராறுக்கு இடம் கொடுப்பதால், இனி எங்கே பந்தை எடுத்தாலும் ஓர் அடி நஷ்டம் என்று முடிவு செய்தார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு மிஞ்சியது, பள்ளிப் பிள்ளைகளின் குழி. சிப்பாய்க்குக் கொடுத்த சலுகை போனது, பிள்ளைகளுக்குக் கொடுத்தது நின்றது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடலோர ஊர்க்காரர்கள் 1754-லேயே லீத்தின் விதிகளைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உலகத்துக்குப் பதினெட்டுக் குழிக் கணக்கைக் கொடுத்ததும் அந்த ஊர்தான், 1764-ல். அதுவும் பொது நிலம். கடன் தாளாமல் நகர மன்றம் 1797-ல் அந்த வெளியை முயல் வளர்க்கிற வியாபாரிகளிடம் விட்டது. முயல் வளைகளில் பந்து விழ, ஆட்டக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் நீதிமன்றம்வரை வழக்கு. 1821-ல்தான் அது ஓய்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே வழங்கிய ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். உலர்த்திய துணியின்மேல் பந்து கிடந்தால் துணியைப் பந்துக்கு அடியிலிருந்து உருவிக்கொள்ளலாம். துவைக்கிற தொட்டி ஒரு மட்டை நீளத்துக்குள் இருந்தால் தொட்டியை நகர்த்தலாம். துணியைப் போட்டவள் யார் என்று வரலாறு எழுதிவைக்கவில்லை. ஆனால் அவள் விரித்த துணி கோல்ஃப் விதிப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

ரயிலும் விலை குறைந்த பந்தும் வந்தபின் ஆட்டம் பரவியது. புதிது புதிதாகச் சங்கங்கள் பிறந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸ் விதிகளையே எல்லாரும் பார்த்தார்கள். அதில் அந்த ஊர் ஓடையும் ஸ்டேஷன் மாஸ்டர் தோட்டமும் கலந்து கிடந்தன. எது ஆட்டத்தின் விதி, எது அந்த ஊரின் விதி என்று பிரித்தே ஆகவேண்டிய நிலை. 1897-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கத்தின் கீழ் விதிக் குழு அமைந்தது, 1899-ல் பொது விதித்தொகுப்பு வந்தது. அதன்பின் ஏற்பாடு இதுதான்: உலகத்துக்கு ஒரே புத்தகம், ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு சின்னத் தாள். ஸ்கோர் எழுதுகிற அட்டையின் முதுகில் அந்தத் தாள் அச்சாகியிருக்கும்.

அந்தத் தாளில்தான் ஊர் தெரியும். உகாண்டாவில் ஜிஞ்சா என்ற ஊரில் நீர்யானையின் காலடிப் பள்ளத்தில் விழுந்த பந்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம். லண்டனை ஒட்டிய ரிச்மண்ட் கோல்ஃப் சங்கம் 1940-ல், ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, தற்காலிக விதிகளை எழுதியது. புல்வெட்டும் எந்திரம் சேதமாகாமல் இருக்க ஆட்டக்காரர்கள் குண்டுச் சிதறல்களைப் பொறுக்கவேண்டும். குண்டு விழும்போது ஆட்டத்தை விட்டுப் பதுங்கினால் தண்டனை இல்லை. வெடிக்காத குண்டுகள் கிடக்கிற இடத்தில் சிவப்புக் கொடி. எதிரியின் செயலால் நகர்ந்த பந்தை மறுபடி வைக்கலாம். அடிக்கிற அதே நொடியில் குண்டு வெடித்துக் கை தவறினால் வேறு பந்தை அடிக்கலாம், ஆனால் ஓர் அடி கூடும். இதைப் பலர் நகைச்சுவையாக எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஊரே எரிகிறபோது, நாளைக்கும் இங்கே புல் வெட்டவேண்டும் என்று நினைத்தவர்கள் எழுதியது அது.

இந்தியாவுக்கு கோல்ஃப் வந்தது 1829-ல், கல்கத்தாவின் டம்டம் பகுதிக்கு. ராயல் கல்கத்தா கோல்ஃப் சங்கம் பிரிட்டன் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது. தமிழ்நாட்டில் கொடைக்கானல் சங்கம் 1895-ல் தொடங்கியது. அங்கே இன்றும் காட்டுமாடுகள் புல்வெளியில் வந்து நிற்கும். ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் மேய்ச்சல்வெளி கோல்ஃபுக்கும் இடம் கொடுத்தது. அது தோடர்களின் எருமை மேய்ந்த நிலம். கிண்டியில் குதிரைப் பந்தயப் பாதை வளைத்த வெளிக்குள்ளேயே ஜிம்கானா சங்கத்தார் கோல்ஃப் ஆடினார்கள். புல் பிடிக்காத வறண்ட ஊர்களில் குழியைச் சுற்றிப் பச்சைக்குப் பதில் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி அதற்கு 'பிரவுன்' என்று பேர் வைத்தார்கள். கால் தடம் பட்ட மணலை இழுத்துச் சமன் செய்த பிறகுதான் பந்தை உருட்டமுடியும். அதற்கும் அட்டை முதுகில் ஒரு வரி வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. லீத்தில் ஊரோடு கலந்து ஆடிய ஆட்டம், இங்கே வந்தபோது வேலிக்கு உள்ளே போய்விட்டது. சென்னையில் கூவத்தின் ஒரு கரையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். பாலத்தைத் தாண்டினால் தீவுத்திடல் பக்கம் ஜிம்கானா சங்கம். அந்தத் தோட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல்வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். அவர் ஆட்சியில் நிறைவேறிய 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் நிலங்களை அரசிடம் கொண்டுவந்தது. ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு, ஊர்ப் பொதுநிலம் எல்லாம் ஜமீன்தார் கையிலிருந்து விடுபட்டன. கோல்ஃபுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பொதுவெளி யாருக்கு என்ற கேள்வி அவருடையது. அவர் பதவிக்கு வருவதற்கு முன்பே, 1945-ல், கிண்டிப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் சொச்சம் அரசு நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிருந்தது. ஆண்டுக்கு வாடகை 614 ரூபாய் 13 அணா. 2024 செப்டம்பரில் தமிழக அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்து இடத்தைப் பூட்டியது. அந்த வெளி திரும்பவும் ஊருக்கு வரவேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன்.

இனி வேகம். லோக்கல் ரூல் நிலத்தைப் பகிர்ந்ததால் பிறந்தது என்றால், ஆட்டத்தின் வேகம் பற்றிய விதி நேரத்தைப் பகிர்ந்ததால் பிறந்தது. லீத்தின் பன்னிரண்டாவது விதி, யார் பந்து குழிக்கு அதிகத் தூரத்தில் கிடக்கிறதோ அவரே முதலில் அடிக்கவேண்டும் என்றது. இரண்டு பேர் ஐந்து குழிக்கு ஆடுகிறபோது அது நல்ல ஏற்பாடு. நாலு பேர் பதினெட்டுக் குழிக்கு ஆடி, ஒவ்வோர் அடியையும் எண்ணி எழுதி, பின்னால் இன்னும் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் காத்திருந்தால்? முன்னால் ஒருவர் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்து, மட்டையை மாற்றி, மறுபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், கடைசிக் கூட்டம் வீடு போய்ச் சேரும்போது இருட்டிவிடும்.

அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் 1962-ல் போர்ட்லேண்ட் போட்டியில் மெதுவாக ஆடியதற்காக இரண்டு அடி தண்டனை வாங்கினார். அப்போதும் அவர்தான் வென்றார். 2013 மாஸ்டர்ஸ் போட்டியில் குவான் தியான்லாங் என்ற சீனப் பையனுக்கு ஓர் அடி தண்டனை. வயது பதினாலு. காற்று சுழன்று சுழன்று அடிக்க, எந்த மட்டை என்று தீர்மானிக்கமுடியாமல் நின்றான். தண்டனையோடும் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றான். விதி விதிதான். ஆனாலும் எத்தனையோ பெரியவர்கள் ஆமைவேகத்தில் நடக்கிற ஆட்டத்தில் அந்தக் குழந்தையைப் பிடித்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2019-ல் விதிப்புத்தகத்தைப் பெரிய அளவில் திருத்தினார்கள். ஓர் அடிக்கு நாற்பது விநாடிக்கு மேல் எடுக்கவேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். லீத்தின் பன்னிரண்டாவது விதியையும் தளர்த்தினார்கள். அடியை எண்ணி ஆடுகிற ஆட்டத்தில், தூரத்துக்காரர் தயாராக இல்லை என்றால், ஆபத்தில்லாதபோது கிட்டத்தில் இருப்பவர் அடித்துவிட்டுப் போகலாம். பந்தைத் தேட இருந்த ஐந்து நிமிஷம் மூன்றானது.

தொலைந்த பந்துதான் ஆட்டத்தை நிறுத்துகிற பெரிய காரணம். வட இந்தியாவில் பழைய நாளில் 'ஆகேவாலா' என்று ஓர் ஆளை முன்னே அனுப்பி, பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். அவர் கண் பிடித்துவிட்டால் ஆட்டம் நிற்காது. அவர் இல்லாதபோது லீத்தின் எட்டாவது விதிதான். பந்து தொலைந்தால், கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் இன்னொன்றைப் போடவேண்டும், எதிராளிக்கு ஓர் அடியும் கொடுக்கவேண்டும். இன்றைக்கும் அடிப்படை விதி அதுவே. இருநூறு கஜம் நடந்து வந்தவர், புதரில் தேடிவிட்டு, மறுபடி இருநூறு கஜம் திரும்பி நடப்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே அடுத்த கூட்டம் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கும். எல்லார் முகத்துக்கும் நேரே நடந்து போகவேண்டும்.

இதற்கும் 2019-ல் வழி கண்டார்கள். வழி வந்தது அட்டையின் முதுகிலிருந்துதான். விரும்புகிற சங்கங்கள் ஒரு லோக்கல் ரூலைப் போட்டுக்கொள்ளலாம். பந்து தொலைந்த இடத்துக்கு நேரே ஆட்டப்பாதையின் ஓரம் வந்து, புதுப்பந்தைப் போட்டு, இரண்டு அடி தண்டனையோடு முன்னே போகலாம். திரும்பி நடக்கவேண்டாம். சங்கத்தார் தங்களுக்குள் ஆடுகிற ஆட்டத்துக்கே இது, பெரிய போட்டிகளுக்கு இல்லை. நிலத்துக்காகப் பிறந்த விதி, பின்னால் நிற்பவரின் நேரத்தையும் காக்கத் தொடங்கிவிட்டது.

லீத்தில் இப்போது கோல்ஃப் இல்லை. கூட்டம் தாளாமல் அந்தச் சங்கம் 1836-ல் மசல்பரோவுக்கும், 1891-ல் மியூர்ஃபீல்டுக்கும் போய்விட்டது. அந்த வெளி ஊருக்கே மிஞ்சியது. இன்று பொதுப் பூங்கா. ஜான் ராட்ரேவின் வெண்கலச் சிலை ஒன்று 2019-லிருந்து அங்கே நிற்கிறது, மட்டையை ஓங்கியபடி.

ஓமந்தூர்ப் பையன்களின் பந்து அன்றைக்கு வேலிகாத்தானுக்குள் போயிற்று. ரெண்டு ரன் எழுதிக்கொண்டு, அடித்தவன் உள்ளே நுழைந்தான். முள் கிழித்த கையோடு பந்தை எடுத்துவந்தான். அடுத்தவன் மட்டையைத் தட்டிக்கொண்டு நின்றபோது, மேய்ச்சல் முடிந்த மாடுகள் ஏரிப்பக்கமிருந்து வயலுக்குள் இறங்கின. ஆடுகளத்தின் குறுக்கேதான் அவற்றின் தடம். விக்கெட்டாக நட்ட மூன்று குச்சியில் ஒன்றை ஒரு கன்று சாய்த்துவிட்டுப் போனது.

"இரு, மாடு போகட்டும்" என்றான் பவுலர். கடைசிப் பசு வரப்பேறும்வரை பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.